உச்சிப்புளி கடற்படை விமானத் தளம்: அதன் வரலாறும் பணியும் என்ன?

கேள்வி: பெரியபட்டினம் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். தேவிபட்டினத்திலிருந்து தனுஷ்கோடி வரையிலும், மறுபுறம் கீழக்கரை வரையிலும் உள்ள கடலோர ஊர்களின் வரலாற்றை நாங்கள் சிலர் சேர்ந்து தொகுத்து வருகிறோம். முத்துக்குளிப்பு, தோணிப் போக்குவரத்து, 1964 டிசம்பர் புயல் ஆகியவற்றைப் பற்றிப் போதிய செய்திகள் சேர்ந்துவிட்டன. உச்சிப்புளி விமானத் தளத்தைப் பற்றிய பகுதியை எழுத உட்கார்ந்தபோதுதான் தடுமாற்றம் வந்தது. அங்கே போர் விமானங்கள் நிற்கின்றன என்று சிலர் சொல்கிறார்கள். அது கடலோரக் காவல்படையின் இடம் என்பது வேறு சிலரின் கருத்து. இலங்கைப் போருக்காகத் தொடங்கியது, போர் முடிந்ததும் அதன் வேலையும் முடிந்துவிட்டது என்று சொல்வோரும் உண்டு.

அந்தத் தளம் எப்போது, எதற்காக வந்தது? அது சண்டையிடும் பிரிவா, துணைநிற்கும் பிரிவா? நம் கரையில் கடலுக்குப் போகிறவர்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இரகசியமான எதுவும் எங்களுக்கு வேண்டாம். பொதுவெளியில் அறிவிக்கப்பட்டவற்றைச் சரியாக எழுத வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற விமானப் பணியாளர்

அன்புடையீர், உச்சிப்புளியில் இருப்பது இந்தியக் கடற்படையின் விமானத் தளம். விமானப்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் உரியதன்று. அதன் பெயர் ஐ.என்.எஸ். பருந்து. கரையில் இருக்கும் தளத்துக்குக் கப்பலுக்குரிய ‘ஐ.என்.எஸ்.’ எப்படி வந்தது என்று பலர் கேட்பதுண்டு. கடற்படையில் கரைத் தளங்களையும் கப்பலைப் போலவே பெயரிட்டு, ஒரு கட்டளை அதிகாரியின் பொறுப்பில் பணியில் சேர்ப்பார்கள். கொச்சியில் 1953-இல் பணியில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். கருடாதான் இந்தியக் கடற்படையின் முதல் விமானத் தளம். அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி 1992 மார்ச்சில் வந்தது.

உச்சிப்புளியின் கதை 1980களில் தொடங்குகிறது. அப்போது அது ஒரு முழுத் தளமாக இல்லை. சிறிய ஓடுபாதையும், சில விமானங்களும் ஹெலிகாப்டர்களும், அவற்றைப் பராமரிக்கும் ஆட்களும் கொண்ட ஒரு பிரிவாகவே இருந்தது. ஆவணங்களில் அதை ‘ராம்நாடு’ (ராமநாதபுரம்) என்ற பெயரிலேயே குறிப்பிடுவார்கள். 2009 மார்ச் 26 அன்று, அப்போதைய கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் சுரீஷ் மேத்தா அதை ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயரில் முழுத் தளமாகப் பணியில் சேர்த்தார். விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கடற்படைக் கட்டளையின் கீழ் அது இயங்குகிறது.

உங்கள் தொகுப்பில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக எழுதுங்கள். தளம் என்பது வேறு, அங்கே பறக்கும் ஸ்குவாட்ரன் என்பது வேறு. ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம், ஹேங்கர் எனும் விமானக் கொட்டகை, எரிபொருள், தீயணைப்பு, வானிலைப் பிரிவு ஆகியவை தளத்தின் பொறுப்பு. விமானங்களும், விமானிகளும், அவற்றைப் பழுதுபார்ப்பவர்களும் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர்கள். ஒரு ஸ்குவாட்ரன் இடம் மாறிப் போகலாம், இன்னொன்று வரலாம். தளம் அப்படியே இருக்கும். ‘போருக்காக வந்தது, போர் முடிந்ததும் வேலை முடிந்தது’ என்ற எண்ணம் பொருந்தாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

தொடக்க காலத்தில் இங்கே பறந்தவை ஐலண்டர் விமானமும் சேதக் ஹெலிகாப்டரும். பிரிட்டனில் உருவான ஐலண்டரை நம் கடற்படை 1976-இல் வாங்கத் தொடங்கியது. இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், இரண்டு எஞ்சின்கள், மடங்காத சக்கரங்கள். மெதுவாகப் பறக்கும், சிறிய ஓடுபாதையிலேயே ஏறி இறங்கும். வேகம் குறைவு என்பது பயண விமானத்துக்குக் குறையாக இருக்கலாம், ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டிய விமானத்துக்கு அதுவே வசதி. இறக்கை மேலே இருப்பதால் கீழ்நோக்கிய பார்வையை எதுவும் மறைக்காது. பிற்பாடு அந்த இடத்தை, கான்பூரில் எச்.ஏ.எல். என்ற அரசு விமான நிறுவனம் தயாரிக்கும் டோர்னியர் 228 படிப்படியாக எடுத்துக்கொண்டது.

பெரிய மாற்றம் 2012 ஏப்ரலில் வந்தது. ஐ.என்.ஏ.எஸ். 344 என்ற ஆளில்லா விமான ஸ்குவாட்ரன் பருந்தில் தொடங்கப்பட்டது. கொச்சியில் 2006-இலும், போர்பந்தரில் 2011-இலும் தொடங்கியவற்றுக்கு அடுத்து, கடற்படையின் மூன்றாவது ஆளில்லா விமான ஸ்குவாட்ரன் இதுதான். கிழக்குக் கரைக்கு முதலாவது. இஸ்ரேலில் தயாரான ஹெரான், சர்ச்சர் ஆகியவை இந்த ஸ்குவாட்ரன்களில் பயன்பட்டவை. ஹெரானின் இறக்கை விரிவு 16 மீட்டருக்கும் மேல். அது ஒருமுறை ஏறினால் ஒரு நாள் முழுவதும் வானிலேயே இருக்க முடியும். விமானி தரையில் இருப்பதால், அவர் களைத்தால் இன்னொருவர் இருக்கையில் அமர்ந்து பணியைத் தொடர்வார். விமானம் திரும்பி வர வேண்டியதில்லை.

இனி, சண்டையிடும் பிரிவா என்ற கேள்விக்கு வருகிறேன். பருந்தின் வேலை பார்ப்பது, அடையாளம் காண்பது, சொல்வது, மீட்பது. போர் விமானம் என்று தேடினால் நமக்கு அருகில் இருப்பது தஞ்சாவூர். அங்கே விமானப்படையின் 222-ஆவது ஸ்குவாட்ரன் சுகோய்-30 விமானங்களுடன் 2020 ஜனவரியில் அமைந்தது. நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் அரக்கோணத்தில் இருக்கின்றன. அவற்றின் களம் ஆழ்கடல். பாக் விரிகுடா பெரும்பாலான இடங்களில் 13 மீட்டருக்கும் குறைவான ஆழமே உடையது, அங்கே நீர்மூழ்கி மூழ்குவதற்கே இடமில்லை. ஆழமில்லாத, குறுகலான, ஒரே இரவில் நூற்றுக்கணக்கான படகுகள் நிற்கும் கடல் இது. இங்கே எந்தப் படகு எங்கே போகிறது என்பது தெரிவதுதான் பாதுகாப்பின் முதல் படி, ஆயுதமெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தக் கடல் எப்படிப்பட்டதோ அதற்கேற்ப அமைந்த பிரிவு இது.

உயரம் எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், அடிவானம் அவருக்குச் சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டருக்கு அது 60 கிலோமீட்டரைத் தாண்டும். 3,000 மீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 195 கிலோமீட்டர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள், ஓர் ஆளில்லா விமானம் என்ன செய்ய முடியும் என்பது விளங்கும்.

ஆனாலும் அடிவானம் தெரிவதும் படகு தெரிவதும் ஒன்றல்ல. மரப்படகும் ஃபைபர் படகும் ராடார் அலையை இரும்புக் கப்பல் அளவுக்குத் திருப்பி அனுப்புவதில்லை. அலை எழும்பிய நாளில் அலையின் எதிரொலியும் படகின் எதிரொலியும் திரையில் கலந்துவிடும். இரவில் வெப்பப் படக் கருவியில், ஓடும் எஞ்சின் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் மிதந்த படகோ கடலின் வெப்பத்துக்கு இறங்கி மங்கிவிடும். பழுதாகி நிற்கும் படகைத் தேடுவது கடினம் என்று சொல்வது இதனால்தான்.

பதில் 2: மண்டபம் ஆசிரியர்

மேலே எழுதியவருக்கு நன்றி. தளம் பிறந்த சூழலைப் பற்றி நான் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஏனெனில் 1980களில் நம் கரையில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு இந்தத் தளத்தின் வரலாற்றை எழுத முடியாது.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகள் படகுகளில் வந்து இறங்கிய கரை இதுதான். மண்டபம் முகாமில் அவர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 1987 ஜூன் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்துக்கான நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு ராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 20 மீன்பிடிப் படகுகள் புறப்பட்டன. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. அதற்கு மறுநாளே, ஜூன் 4 அன்று, விமானப்படையின் ஏ.என்.-32 விமானங்கள் பெங்களூரிலிருந்து கிளம்பி, மிராஜ் 2000 போர் விமானங்களின் துணையுடன் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருள்களைப் போட்டன. இதற்கு ‘ஆபரேஷன் பூமாலை’ என்று பெயர். விமானங்கள் உச்சிப்புளியிலிருந்து போயின என்று நம் பக்கத்தில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு பெரிய விமானங்களுக்கு அந்த ஓடுபாதை ஏற்றதன்று. உங்கள் தொகுப்பில் அந்தச் செய்தி நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு ஜூலையில் இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்று 1990 மார்ச்சில் திரும்பியது. என் பார்வையில், உச்சிப்புளிப் பிரிவின் முக்கியமான காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. படை திரும்பிய கையோடு, 1990-இல், பாக் நீரிணையில் ஆயுதக் கடத்தலையும் ஆள் நடமாட்டத்தையும் தடுக்க ‘ஆபரேஷன் தாஷா’ என்ற நெடிய ரோந்து தொடங்கப்பட்டது. கடலில் கப்பல்களும் சிறு படகுகளும் சுற்ற, மேலிருந்து ஐலண்டரும் சேதக்கும் பார்த்துச் சொன்னன. பெரிய போர்க்கப்பல் இந்த ஆழத்தில் நுழைய முடியாது, சிறிய படகுக்கோ தொலைவு தெரியாது. இந்த இரண்டு குறைகளையும் வானிலிருந்து ஈடுசெய்தது உச்சிப்புளிதான். எவரும் பெரிதாகப் பேசாத இந்தப் பல்லாண்டுப் பணிக்கு உங்கள் தொகுப்பில் தாராளமாக இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2009-இல் ஏன் முழுத் தளமாக உயர்த்தினார்கள் என்பதையும் அந்தக் காலச் சூழலோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2007 மார்ச்சில் விடுதலைப் புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்க விமானத் தளத்தைத் தாக்கின. தென்கரையில் வான்வழிக் கவலை எழுந்தது அப்போதுதான். 2008 நவம்பர் 26 அன்று மும்பைக்குக் கடல்வழியே வந்தவர்கள் நடத்திய தாக்குதலைத் தொடர்ந்து, 2009 தொடக்கத்தில் நாட்டின் கடல்சார் பாதுகாப்பு முழுவதற்கும் கடற்படையே பொறுப்பு என்று அரசு அறிவித்தது. கடலோரக் காவல்படைக்கும் மாநிலங்களின் கடலோரக் காவல் குழுமங்களுக்கும் தனித்தனி எல்லைகள் வகுக்கப்பட்டன. இலங்கையில் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் கஞ்சாவும் பீடி இலையும் இங்கிருந்து போவதும் தங்கம் அங்கிருந்து வருவதும் நிற்கவில்லை. துரத்தப்படும்போது தங்கத்தைக் கடலில் வீசிவிட்டுப் போகும் படகுகளைப் பற்றி நாம் அடிக்கடி படிக்கிறோம். போர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்தே ஆளில்லா விமானங்கள் இங்கே வந்தன என்பதை நினைவில் கொண்டால், வேலை முடிந்ததா என்ற ஐயத்துக்கு விடை கிடைத்துவிடும்.

மண்டபத்தில் இருப்பது கடலோரக் காவல்படையின் நிலையம். மணல் திட்டுகளின் மேலும் ஏறிப் போகும் ஹோவர்கிராஃப்ட் அவர்களுடையது. மக்கள் இரண்டையும் ஒன்றாக நினைப்பதற்குக் காரணம், இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு என்பதுதான்.

பதில் 3: தங்கச்சிமடம் படகு உரிமையாளர்

ஐயா இருவரும் வரலாற்றை விளக்கமாகச் சொல்லிவிட்டீர்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு என்ன தொடர்பு என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் தொகுப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம் கடலில் எஞ்சின் பழுதானால் படகு நிற்காது, காற்று இழுத்துக்கொண்டு போகும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாக் விரிகுடாவில் நின்ற படகு வடகிழக்காக, இலங்கையுடனான கடல் எல்லைக் கோட்டை நோக்கியே போகும். வாடைக் காலத்தில் அதற்கு எதிர்த்திசை. ஆகவே தேடுகிறவர்களுக்கு முதலில் வேண்டியது, கடைசியாக எங்கே, எத்தனை மணிக்கு நின்றது என்ற செய்தி. அந்த இடத்தையும் நேரத்தையும் காற்றையும் வைத்துத்தான் விமானம் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். ஆறு மணி நேரம் தாமதமாகச் சொன்னால், தேட வேண்டிய பரப்பு பல மடங்கு விரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் ‘காலையில் வந்துவிடுவார்கள்’ என்று காத்திருப்பதால்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன.

கடலில் ஆபத்து என்றால் வி.எச்.எஃப். 16-ஆவது சேனலில் அழைக்க வேண்டும். கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல்படையின் 1554 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்ல வேண்டும். கடல் தேடல், மீட்புப் பணியை ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவல்படையுடையது. தேவைப்படும்போது கடற்படையின் விமானத்தையும் ஹெலிகாப்டரையும் அழைப்பது அவர்கள்தான். செயற்கைக்கோள் வழியே ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி படகில் இருந்தால், அதை டீசல் கேனுக்குப் பின்னால் போட்டு வைக்காமல், கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்த பிறகு செய்யக் கூடாதவையும் உண்டு. அதன் காற்று மிகக் கடுமையாக இருக்கும். தளத்தில் கிடக்கும் தார்ப்பாய், பிளாஸ்டிக் கூடை, வலைத் துண்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே உள்ளே தள்ளிவிட வேண்டும். பறந்து மேலே போய் விசிறியில் சிக்கினால் எல்லோருக்கும் ஆபத்து. ஆளை மேலே தூக்க மேலிருந்து இறங்கும் வின்ச் கம்பியைப் பாய்ந்து பிடிக்கக் கூடாது. பறக்கும்போது ஹெலிகாப்டரின் உடலில் மின்னேற்றம் சேர்ந்திருக்கும், கம்பி முதலில் தண்ணீரையோ படகையோ தொட்டு அது இறங்கிய பிறகே கை வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கம்பியைப் படகில் எதிலும் கட்டக் கூடாது. இழுத்துக்கொண்டு போகட்டும் என்ற நினைப்பில் கட்டினால், படகும் போகும், மேலே இருப்பவர்களும் போவார்கள்.

வெள்ளைத் துணியை ஆட்டுவது அலை நுரைக்கு நடுவே தெரியாது. ஆரஞ்சு அல்லது சிவப்புத் துணி நல்லது. பகலில் ஒரு சிறிய கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பினால் பல மைல் தொலைவிலிருந்தும் தெரியும்.

கேள்வி கேட்டவரின் தொடர்: பெரியபட்டினம் வாசகன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. எங்கள் பகுதியில் மீனவர் கூட்டங்களில் தவறாமல் எழுவது இது: இவ்வளவு தூரம் பார்க்க முடிகிற விமானம் பக்கத்திலேயே இருந்தும், நம் படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும்போது அது ஏன் வருவதில்லை? இதற்கு நேர்மையான விடையை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். தளத்தின் படத்தைப் புத்தகத்தில் சேர்ப்பது பற்றியும் சொல்லுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற விமானப் பணியாளர்

நியாயமான கேள்வி. மீனவர்களின் வேதனையை அறிந்தவன் என்ற முறையில், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

பாக் விரிகுடாவின் எல்லைக் கோடு 1974 ஒப்பந்தத்தாலும், மன்னார் வளைகுடாவின் கோடு 1976 ஒப்பந்தத்தாலும் வரையப்பட்டவை. கடல் குறுகலானது என்பதால் கோடு நம் கரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. இன்னொரு நாட்டின் ஆட்சிக்கடலுக்குள், தீங்கின்றிக் கடந்து செல்லும் உரிமையைப் பன்னாட்டுக் கடல் சட்டம் கப்பலுக்குக் கொடுக்கிறது. விமானத்துக்கு அந்த உரிமை கிடையாது. அனுமதியில்லாமல் கோட்டைத் தாண்டிப் பறக்கும் இராணுவ விமானம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அத்துமீறலாகவே கருதப்படும். நம் பக்கத்திலேயே பறந்துகொண்டு பக்கவாட்டில் கேமராவைத் திருப்பிப் பார்ப்பது வரைதான் இயலும்.

கைது கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தால், விமானம் பார்த்ததைச் சொல்லலாம், அதற்கு மேல் அது தூதரகங்களின் வேலை. நம் பக்கத்தில் நடந்தால் நிலைமை வேறு. அப்போது படகு இருந்த இடத்துக்கும் நேரத்துக்கும் சான்று இருப்பது மிகவும் முக்கியம். படகில் இடத்தைப் பதிவு செய்யும் கருவி இயங்குவதும், உடனடியாக வானொலியில் சொல்வதும் மீனவருக்கே பயன்படும். கருவியை அணைத்துவிட்டுப் போகும் படகுக்கு, வானில் எத்தனை கண்கள் இருந்தாலும், பிறகு ஆதாரம் கொடுக்க முடியாது. மீன் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதும், வாரத்தில் சில நாள்களே விசைப்படகுகளுக்குக் கடல் திறந்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சிக்கலுக்கு வானிலிருந்து தீர்வு வராது. இரு நாட்டு மீனவர்களும் அரசுகளும் பேசித்தான் ஆக வேண்டும்.

படத்தைப் பொறுத்தவரை, ராமேசுவரம் நெடுஞ்சாலையிலிருந்து கைப்பேசியில் எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பு நிலையங்களைப் படம் எடுப்பது தடை செய்யப்பட்டது. 2021-இல் கடற்படை தன் தளங்களைச் சுற்றி 3 கிலோமீட்டர் வரை டிரோன் பறக்கவும் தடை விதித்தது. உச்சிப்புளி, அதன் சுற்றுவட்டாரத் திருமண வீடுகளுக்கு வரும் படப்பிடிப்பாளர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2009-இல் நடந்த தொடக்க விழாவின் படங்களைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கடிதத்தில் தொகுப்பின் நோக்கத்தையும் வெளியிடுபவரின் முகவரியையும் குறிப்பிட்டு, இந்தப் பகுதியின் வரைவையும் உடன் இணைத்து அனுப்புங்கள். பிழை ஏதேனும் இருந்தால் அவர்களே திருத்தித் தர வாய்ப்புண்டு.